இல்லத்துப் பணியாரமும் திருமடைப்பள்ளியும்: அருளிச்செயல் வழியே ஒரு வரலாறு

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் உண்பொருள்களுக்கு வழங்கும் பெயர்களே ஒரு சம்பிரதாய வரலாற்றைச் சொல்லுவன. பாயசம் அங்கே திருக்கண்ணமுது, கறி கறியமுது, ரசம் சாற்றமுது. சமைத்தல் என்ற சொல்லும் வழங்குவதில்லை. தளிகை பண்ணுதல் என்பதே மரபு. உண்பவருக்காக அன்றி எம்பெருமான் அமுதுசெய்தருளுவதற்காகவே அடுப்பு மூட்டப்படுகிறது என்பது இப்பெயர்களின் கருத்து. தனக்கென்றே சமைத்துண்பவன் பாவத்தையே உண்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் 13ஆம் சுலோகம் கூறியதை, அடுக்களையில் புழங்கும் சொற்களாகவே மாற்றிவைத்தனர் முன்னோர். ஆயினும் சீடை, அப்பம், தேன்குழல், அதிரசம், எள்ளுருண்டை முதலிய பணியாரங்கள் மட்டும் அமுதென்னும் ஈறு பெறாமல், தம் பழம்பெயருடனேயே இன்றளவும் நிற்கின்றன. இவற்றுள் சில ஆழ்வார் திருவாக்கிலேயே பெயர் சுட்டி எடுக்கப்பட்டவை. இல்லத்தில் எளிதாகச் செய்யப்படும் இச்சிறு பண்டங்கள் அருளிச்செயலில் இடம்பெற்ற வகையையும், அங்கிருந்து திருமடைப்பள்ளிக்குச் சென்ற வகையையும், இன்று அவை நிற்கும் நிலையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தாரகம், போஷகம், போக்யம்

திருவாய்மொழி ஆறாம் பத்து ஏழாந் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் சோறு, நீர், வெற்றிலை என்னும் மூன்றையும் கூறி, இவை யாவும் தனக்குக் கண்ணனே என்று இருப்பவளாகத் தலைவியை நம்மாழ்வார் காட்டுகிறார். இதற்கு வியாக்யானமிட்ட பூர்வாசார்யர்கள் சோற்றைத் தாரகம் என்றும், நீரைப் போஷகம் என்றும், வெற்றிலையைப் போக்யம் என்றும் வகுத்தருளினர். உயிரைத் தரித்திருக்கச் செய்வது தாரகம். உடலை வளர்ப்பது போஷகம். இனிமைக்காக மட்டும் கொள்ளப்படுவது போக்யம்.

இப்பகுப்பின்படி பார்த்தால் பணியாரம் போக்ய வர்க்கத்தைச் சேர்ந்தது. சீடை இல்லாமையால் ஒருவரும் பட்டினி கிடப்பதில்லை. பசித்த குழந்தைக்குச் சோறிடுவது தாயின் கடமை. பசி தீர்ந்த பின்னும் அதன் வாய்க்கு இனியதொன்றைச் செய்துவைப்பது கடமையைக் கடந்த செயல். அதனை ஏவுவது பரிவு ஒன்றே. ஆகவே பரிவே வடிவான பெரியாழ்வாருடைய திருமொழியில் பணியாரங்கள் மிகுதியாக வருவது தற்செயலன்று. பொங்கும் பரிவு என்று அவ்வாழ்வாரின் ஏற்றத்தை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் எடுத்துரைத்ததையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும்.

ஆழ்வாருக்கு முன்

அப்பம் என்னும் சொல்லோடு உறவுடைய ‘அபூபம்’ ரிக்வேதத்திலேயே நெய்யோடு சேர்த்துக் கூறப்படுகிறது. பாணினி முனிவர் அஷ்டாத்யாயியின் ஐந்தாம் அத்தியாயத்தில் அபூபம் முதலாகிய சொற்களை ஒரு கணமாக எடுத்து விதி செய்கிறார். ஆகவே மாவினால் செய்து நெய்யோடு கூட்டப்படும் பண்டம் வேள்விக்கும் வீட்டுக்கும் பொதுவாக மிகப் பழங்காலந்தொட்டே இருந்துவருகிறது.

தமிழகத்தில் இதன் பழைய சான்றுகள் பத்துப்பாட்டில் கிடைக்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கரிய அகலில் பண்ணியம் சுடும் கூவியர் என்பார் வருகின்றனர். அவர்கள் பாகு கூட்டிச் செய்த வட்டமான பண்டம் பாலில் கிடக்கும் தோற்றம் அங்கே உவமையாகிறது. நச்சினார்க்கினியர் அதனை அப்பம் என்றே உரைப்பர். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலும் மெல்லிய அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் இரவுக் கடைத்தெருவில் விற்கப்படுகின்றன. இவ்விரு பாட்டுகளிலும் பணியாரம் விலைப்பொருளாகவே தெருவில் காணப்படுகிறது என்பது குறிக்கத்தக்கது. செய்பவர் தொழிலாளர், கொள்பவர் வழிப்போக்கர்.

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தின் 24ஆம் அத்தியாயத்தில் நிலை வேறு. இந்திரனுக்கு இடவிருந்த விருந்தைக் கோவர்த்தன மலைக்கு இடும்படி சொல்லும் கண்ணன், பாயசம் முதலாகப் பருப்பு ஈறாகப் பல பாகங்களைச் சமைக்கச் சொல்லி, ஸம்யாவம், அபூபம், சஷ்குலி என்னும் மூன்று பணியாரங்களையும் பெயரிட்டுக் கூறுகிறான். ஸம்யாவம் கோதுமை மாவினாற் செய்யும் இனிப்பு. சஷ்குலி மாவைப் பிசைந்து பொரிப்பது. இது ஆயர்பாடி முழுதும் கூடிச் செய்யும் விழா விருந்தின் பட்டியல். பெரியாழ்வாரும் மூன்றாம் பத்து ஐந்தாம் திருமொழியில் இதே விருந்தைப் பாடுகிறார். அங்கே மலைபோற் குவிந்த சோறும் தயிரும் நெய்யுமே கூறப்படுகின்றன, பணியாரம் பேசப்படவில்லை. அவர் பணியாரங்களுக்கு வைத்த இடம் வேறு. அவ்விடம் விழாக்களமன்று, ஒரு தாயின் அடுக்களையும் அயல்வீட்டு ஆய்ச்சியின் அடுக்களையுமே.

பெரியாழ்வார் காட்டும் இரண்டு அடுக்களைகள்

வரலாற்றாசிரியர் பலர் பெரியாழ்வாரை 9ஆம் நூற்றாண்டினராகக் கொள்வர். அவர் திருமொழியின் இரண்டாம் பத்தில் நான்காம் திருமொழியும் ஒன்பதாம் திருமொழியும் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

நான்காம் திருமொழி கண்ணனை நீராட அழைப்பது. வெண்ணெய் அளைந்த மேனியும் புழுதியுமாக நிற்கும் பிள்ளையை, பிறந்த நாளாகிய திருவோணம் என்று சொல்லி யசோதை அழைக்கிறாள். கண்ணனது திருநக்ஷத்ரம் ரோகிணியாயிருக்கத் திருவோணம் என்றது, பகைவர் அறிந்து தீங்கு செய்யாதபடி மறைத்துச் சொல்லும் பரிவு என்று இத்திருமொழியின் நக்ஷத்ரக் குறிப்புகளைப் பெரியோர் நிர்வஹிப்பர். பிள்ளை வராமையால், ஐந்தாம் பாசுரத்தில் அப்பமும் பாலும் அக்காரமும் சேர்ந்த சிற்றுண்டி சுட்டு வைத்திருப்பதாகச் சொல்லி ஆசை காட்டுகிறாள். எண்ணெய் தேய்த்து நீராடினால் தின்னலாம் என்பது உடன்படிக்கை. பெரும்பாணாற்றுப்படையில் தெருவில் கண்ட அப்பமும் பாலும் இங்கே வீட்டுக்குள் வந்துவிட்டன. விலை பணமாக இல்லாமல் ஒரு குழந்தை குளிக்க இசைவதாக மாறிவிட்டது.

ஒன்பதாம் திருமொழி அயலகத்து ஆய்ச்சியர் யசோதையிடம் வந்து முறையிடுவது. அதன் ஏழாம் பாசுரத்தில் ஒருத்தி, செந்நெல்லரிசி, சிறுபருப்பு, அக்காரம், நெய், பால் ஆகிய ஐந்தையும் கொண்டு, பன்னிரண்டு திருவோணம் நோன்பிருந்து அட்டதாகச் சொல்லுகிறாள். ஒரு பண்டத்தின் கூட்டுப்பொருள் அனைத்தும் ஒரே அடியளவில் அடங்கிய செய்முறைக் குறிப்பாகவே இதனைக் கொள்ளலாம். இன்று இல்லங்களில் அக்காரவடிசில் செய்வோர் எடுப்பதும் இவ்வைந்தையே. பருப்பையும் அரிசியையும் சிறிது வறுத்துப் பாலிலேயே குழைய வேகவிட்டு, வெல்லத்தைக் கரைத்து மண் நீக்கிச் சேர்த்து, நெய் பெய்து கிளறி இறக்குவர்.

ஒன்பதாம் பாசுரத்தில் வேறொருத்தி, கன்னல் சேர்ந்த இலட்டுவம், சீடை, காரெள்ளுண்டை ஆகிய மூன்றையும் கலத்தில் இட்டுவைத்து, தன் வீடு என்னும் நம்பிக்கையில் வெளியே போனாள். பிள்ளை உட்புகுந்து அவற்றைக் கைக்கொண்டான். அதனோடு நில்லாமல் மறுபடியும் உள்ளே சென்று, உறியைப் பார்த்து வெண்ணெய் இருக்கிறதா என்றும் சோதித்தான். இலட்டுவம் என்பது ‘லட்டுகம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கன்னல் என்ற அடைமொழியால் கரும்புக்கட்டி சேர்த்து உருட்டிய உருண்டை என்று கொள்ளத்தகும். சீடையும் காரெள்ளுண்டையும் மேற்கூறிய பாகவதப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் ஆழ்வார் கண்டவற்றையே ஆயர்பாடிக்குக் கொண்டுபோய் வைத்தார் எனக் கருதுவது பொருந்தும்.

இங்கே ஆராயத்தக்க ஒரு நுட்பம் உண்டு. பன்னிரண்டு திருவோணம் நோற்ற ஆய்ச்சி, இப்பிள்ளையின் தன்மையைத் தான் முன்பே அறிந்திருப்பதாகவும் சொல்லுகிறாள். உண்டவனோ போதுமென்னாமல், இன்னமும் வேண்டுமென்கிறான். முன்னமே அறிந்தவள் மறுபடியும் ஏன் அட்டாள்? அறிந்திருந்தபடியாலேதான் அட்டாள் என்பதே விடையாகும். முறையீடு வாயளவில்; மீண்டும் செய்தல் நெஞ்சளவில். களவு போகும் என்று தெரிந்தும் கலத்தை நிரப்பிவைத்து வெளியே போனவளுடைய செயலும் இவ்வகையினதே. பாகவதத்தில் குசேலரின் மனைவி அயலாரிடம் நான்கு பிடி அவலை யாசித்துத் துணியில் முடிந்து கொடுத்தனுப்பினாள். கண்ணன் ஒரு பிடியை உண்டு இரண்டாவது பிடிக்குக் கை நீட்டினான்; பிராட்டி கையைப் பிடித்துத் தடுத்தாள். அங்கும் எளிய இல்லத்துப் பண்டமே அவனை மறுபடி கைநீட்டச் செய்தது.

நேர்த்தியும் நிறைவேற்றமும்

பெரியாழ்வார் திருமகளாரிடத்தில் இம்மீண்டும் செய்தல் ஒரு விரதமாகவே வளர்கிறது. நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியின் ஆறாம் பாசுரத்தில், திருமாலிருஞ்சோலை எம்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆண்டாள் நேர்ந்தருளுகிறாள். அடுத்த பாசுரத்தில், அவன் இன்று வந்து இவற்றை அமுதுசெய்வானாகில் ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுத்துப் பின்னும் அடிமை செய்வேன் என்று மேலும் உரைக்கிறாள். வாக்கினால் சமர்ப்பித்த அந்நேர்த்தியைக் கையினால் நிறைவேற்றியவர் எம்பெருமானார். அவர் திருமாலிருஞ்சோலையில் வெண்ணெயும் அக்காரவடிசிலும் சமர்ப்பித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்ததாகவும், அதனால் அவருக்குக் கோயிலண்ணன் என்ற திருநாமம் வந்ததாகவும் குருபரம்பரை கூறும். தங்கையின் நேர்த்தியைத் தீர்ப்பது தமையன் முறை. மார்கழி 27ஆம் நாள் திவ்யதேசங்களிலும் இல்லங்களிலும் அக்காரவடிசில் சமர்ப்பிக்கப்படும் வழக்கம் இன்றும் உள்ளது.

இதே எம்பெருமானார் அருளிச்செய்த நித்யக்ரந்தம் இல்லத்தில் செய்யும் திருவாராதனத்தின் முறையைக் கூறுவது. அதில் போஜ்யாஸனம் ஓர் அங்கம். கோயிலில் நூறு தடா சமர்ப்பித்தவரே, இல்லத்துத் திருவாராதனத்திலும் அமுதுசெய்விப்பதை முறைப்படுத்தித் தந்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

சந்திராதித்தவரை

நேர்த்தி ஒருமுறை செய்வது. கட்டளை என்றும் செய்வது. இல்லத்தில் ஒரு தாயின் விருப்பமாயிருந்த மறுபடிச் செய்தல், கல்வெட்டுகளில் சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்ற நிபந்தனையாக மாறுகிறது. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று ஒவ்வொரு பணியாரத்துக்கும் தனித்தனிப் படித்தரம் குறிக்கப்படுகிறது. அரிசி, உளுந்து, நெய், வெல்லம், மிளகு ஆகியவற்றின் அளவும் இன்ன நாளில் இன்ன மண்டபத்தில் என்ற வரையறையும் அவற்றில் உள்ளன. கட்டளை ஏற்படுத்தியவருக்குப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உண்டு. ‘விட்டவன் விழுக்காடு’ என்பது அப்பங்கின் பெயர். அதைத் தாமே கொள்ளாமல் அடியார்க்கும் வழிப்போக்கர்க்கும் மாற்றிக் கொடுத்தவர் பலர். சாளுவ நரசிம்மன் காலத்தில் திருப்பதி இராமாநுசகூடத்தை நிர்வகித்த கந்தாடை இராமாநுசையங்கார் வழியாக இத்தகைய விநியோகம் நடைபெற்றது.

கட்டளைக்கென அளிக்கப்பட்ட பொன் பெரும்பாலும் கோயிற் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிடப்பட்டது. அதனால் கூடுதலாக விளைந்த நெல்லே நாள்தோறும் படித்தரமாயிற்று. ஒரு தட்டு அதிரசத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருந்தது. நீர் வரும்வரை பணியாரமும் வரும் என்பதே சந்திராதித்தவரை என்னும் சொல்லுக்கு இருந்த உலகியற் பொருள்.

திவ்யதேசங்கள் சில பணியாரத்தாலேயே அடையாளம் பெற்றன. கோவிலடி எனப்படும் திருப்பேர்நகரில் எம்பெருமான் அப்பக்குடத்தான் என்றே திருநாமம் கொண்டிருக்கிறான். அங்கே நாள்தோறும் அப்பம் அமுதுசெய்விக்கப்படுகிறது. திருவரங்கத்தில் செல்வரப்பம், காஞ்சியில் வரதராஜனுக்குக் குடலை இட்டலி, திருமாலிருஞ்சோலையில் அழகருக்குத் தோசை, திருக்கண்ணபுரத்தில் முனையதரையன் பொங்கல் ஆகியவை இவ்வாறு வழங்குவன. காஞ்சி இட்டலியிலும் அழகர்கோயில் தோசையிலும் காரத்துக்கு மிளகும் சுக்கும் சேருமே அன்றி மிளகாய் சேராது. மிளகாய் போர்த்துகீசியர் வரவுக்குப்பின் நம் நாட்டில் புகுந்தது. அதற்கு முற்பட்ட செய்முறையைத் திருமடைப்பள்ளி மாற்றாமல் காத்துவருகிறது என்பது இதனால் விளங்கும். திருவிண்ணகரில் உப்பே இல்லாமல் தளிகையும் பணியாரமும் செய்யும் நியமமும் இவ்வாறே காக்கப்படுகிறது.

கை அறிந்த வியாக்யானம்

திருமடைப்பள்ளியின் செய்முறைக்குக் கல்வெட்டும் படித்தரமும் காவல். இல்லத்துச் செய்முறைக்கு அத்தகைய காவல் இல்லை. அதனைக் காத்தவை வினைச்சொற்களும் கைப்பழக்கமுமே. அப்பம் சுடுவர், தேன்குழல் பிழிவர், முறுக்குச் சுற்றுவர், சீடை உருட்டுவர், அதிரசம் தட்டுவர், எள்ளுருண்டை பிடிப்பர். ஆழ்வார் அப்பத்துக்கு வைத்த வினை சுடுதலே. மோதகத்துக்கு மதுரைக்காஞ்சி வைத்த வினை பிடித்தலே. ஓராயிரம் ஆண்டுக்கு மேல் இவ்வினைகள் பெயரை விட்டுப் பிரியவில்லை.

இவற்றின் பதமும் சொல்லி விளங்குவது குறைவு. சீடைக்கு எட்டுப் பங்கு அரிசிமாவுக்கு வறுத்தரைத்த உளுத்தமா ஒரு பங்கு என்பது பொதுவழக்கு. மாவை இருமுறை சலிக்கவேண்டும். உப்பைக் கரைத்து வடிகட்டியே சேர்க்கவேண்டும். உருட்டும்போது அழுத்தக்கூடாது. துணியில் பரப்பி ஈரம் வற்றவிட்டு, ஊசியால் ஒரு துளையிட்டுப் பின்னரே எண்ணெயில் இடவேண்டும். மேற்புறம் இறுகி உள்ளீரம் ஆவியாகி வெளியேற வழியின்றிப்போனால் சீடை வெடிக்கும். எண்ணெய் தெறித்துக் கையையும் முகத்தையும் சுடும். ஒரு குறுணையோ கரையாத உப்புக்கல்லோ இதற்குப் போதும். எள்ளுருண்டைக்குக் காரெள்ளைக் கழுவி உலர்த்திப் படபடவென்று பொரியும்வரை வறுத்து, முற்றிய வெல்லப்பாகில் இட்டுச் சூடு ஆறுமுன் பிடிக்கவேண்டும், ஆறினால் உதிரும். அதிரசத்துக்கு ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் சிறிது நிற்கும்போதே இடித்துச் சலித்து, உருட்டுப்பதப் பாகில் கலந்து ஒரு நாளாவது வைத்துப் பின்பு தட்டவேண்டும். பொருள்கள் எளியவை, நான்கைந்துக்கு மேற்படாதவை. அருமை முழுவதும் பதத்தில் உள்ளது. பதமோ மீண்டும் மீண்டும் செய்த கைக்கே தெரிவது.

ஸ்ரீஜயந்திக்குச் சீடையும் முறுக்கும் கடையில் வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் இப்போது நகரங்களில் பரவிவருகிறது. முதுமையாலும் வேலைமிகுதியாலும் செய்யவியலாதார் வாங்கிச் சமர்ப்பிப்பதில் குற்றம் காண்பதற்கில்லை. பக்தியோடு அளிக்கும் இலையையும் நீரையும்கூட ஏற்பதாகச் சொன்னவன் அதனையும் ஏற்பான். ஆயினும் வரலாற்று நோக்கில் ஓர் இழப்பு இங்கே நேர்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் தெருவில் இருந்த பணியாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, தாயின் பரிவுக்கு உரியதாக்கிக் காட்டினார் ஆழ்வார். அது இப்போது மறுபடியும் தெருவுக்கே போகிறது. செய்து பாராத தலைமுறைக்கு, களவுபோகும் என்றறிந்தும் கலத்தை நிரப்பிய ஆய்ச்சியின் நெஞ்சு எட்டுவது அரிது. பாசுரத்தின் சொற்பொருள் விளங்கும், பாவம் விளங்காது.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வியாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப்போனது. அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் (1370-1443) புதிதாக வியாக்யானமிட்டு, பழைய ஏட்டில் எஞ்சிய சொல் தொடங்கும் இடம்வரை கொண்டுவந்து பொருத்தினார் என்பர். நாம் மேலே கண்ட நீராட்டத் திருமொழியும் ஆய்ச்சியர் முறையீடும் அவ்வாறு மீட்கப்பட்ட பகுதியில் அடங்கியவை. ஏடு அழிந்தபோது மாமுனிகள் இருந்தார். கைப்பழக்கம் அழிந்தால் அதனை மீட்க வழி, அறிந்த கைகள் இருக்கும்போதே அறியாத கைகள் அருகில் அமர்ந்து உருட்டிப் பழகுவதுதான். ஆவணி ரோகிணிக்கு முதல்நாள் பேத்தியை அருகில் இருத்தி நாற்பது சீடை உருட்டச் செய்யும் பாட்டி, இரண்டாம் பத்து ஒன்பதாம் திருமொழிக்கு ஒரு வியாக்யானம் செய்கிறாள். அவற்றில் நாலைந்து வெடித்தாலும் குறையில்லை. எஞ்சியவற்றை உண்டு, இன்னமும் வேண்டுமென்று கேட்கும் பிள்ளை ஆயர்பாடியில் இருந்தவனே.